கொலாஜன் மா குடிச்சால் வயிற்றுக் கொழுப்புக் குறையுமா?

கிளிநொச்சிப் பிள்ளை:
அம்மாவுக்கு 52 வயது, நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறா. "கொழுப்பை எரிக்கும்" எண்டு போட்டு வாற கொலாஜன் மாவை வாங்கித் தரச்சொல்லிக் கேக்கிறா. நாளைக்கு 10 கிராம், தண்ணியில கரைச்சுக் குடிக்கிறதாம். உண்மையில் கொழுப்புக் குறையுமா? சிறுநீரகத்துக்குப் பிரச்சினை வருமா?

சத்துணவுக்காரன்:
தங்கச்சி, கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் இருக்கிற ஒரு புரதம். குடிக்கிற கொலாஜன் அப்படியே தோலுக்கோ வயிற்றுக்கோ போகாது. குடலில் அமினோ அமிலங்கள் என்ற புரதக் கூறுகளாகவும் இரண்டு மூன்று சேர்ந்த சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் இரத்தத்தில் சேருது.

கொழுப்பு விஷயத்தில், கொழுப்புக் கூடிய தீன் கொடுத்த எலிகளில் மீன்தோல் கொலாஜன் கொழுப்புச் சேர்வதைக் குறைத்திருக்கு. மனிதரில் சான்று மெல்லியது. கொரியாவில் திருக்கைக்கு நெருங்கிய ஒரு மீனின் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை நாளுக்கு 2 கிராம் வீதம் 12 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். உடற்கொழுப்பில் வித்தியாசம் வந்தது, ஆனால் சிறிது.

விளம்பரக்காரர் தூக்கிப் பிடிக்கிறது 2015இல் வந்த இன்னொரு ஆய்வை. தசை தேய்ந்த வயதான ஆண்கள் 53 பேர், நாளுக்கு 15 கிராம், 12 கிழமை. கொலாஜன் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 5.4 கிலோ குறைஞ்சது, எடுக்காதவர்களுக்கு 3.5 கிலோ. இரண்டு பகுதியும் கிழமையில் மூன்று நாள் பாரப் பயிற்சி செய்தவர்கள் என்பதைத்தான் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ஒப்பிடக் கொடுத்ததும் வேறு புரதம் இல்லை, சத்தில்லாத ஒரு தூள். அதே அளவு முட்டைப் புரதம் கொடுத்திருந்தாலும் அந்த வித்தியாசம் வந்திருக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை.

புரதமாகப் பார்த்தாலும் இது தரம் குறைந்தது. டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை, தசையைக் கட்டத் தூண்டும் லியூசினும் குறைவு. இதை நம்பி இரவுச் சாப்பாட்டை விட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நீரிழிவுக்காரருக்கு அது கூடாது, சாப்பிட்ட சீனியில் பெரும்பங்கை வாங்கிக் கொள்வதே தசைதான்.

வவுனியா அக்கா:
சிறுநீரகத்தைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. கொலாஜனில் இருக்கிற ஹைட்ரொக்சிபுரோலின் எண்ட அமினோ அமிலத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒக்சலேற்றாக மாறிச் சிறுநீரில் போகுது. சிறுநீரகக் கல்லு உண்டாக்கிறதில் ஒண்டு இந்த ஒக்சலேற்று. கல்லு வந்தவர்கள், எங்கட பக்கம் போல கிணத்துத் தண்ணி கடினமான இடத்தில் தண்ணியும் குறைவாகக் குடிக்கிறவர்கள் கவனமாக இருக்கவேணும். வவுனியாப் பகுதியில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயும் இருக்கு. நீரிழிவும் இருக்கிறபடியால் முதலில் கிளினிக்கில் சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்தக் கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமின் எண்ட புரதம் கசியுதா எண்டும் பார்த்துப்போட்டு வாங்குங்கோ.

பெட்டியில் மூலம் என்ன என்று வாசியுங்கோ: மாட்டுத்தோல், பன்றித்தோல், மீன்தோல் மூன்றும் வரும். மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு மீன்தோல் ஆகாது. சுவை சேர்த்ததில் சீனி எத்தனை கிராம் என்றும் பாருங்கோ. தனிக் கொலாஜன் 10 கிராமில் 40 கலோரிக்குக் கிட்டத்தான்.

கிளிநொச்சிப் பிள்ளை:
நன்றி அக்கா. ஆட்டுக்கால் சூப்பிலும் இதுதானே இருக்கு? அது போதாதா?

சத்துணவுக்காரன்:
இருக்கு. மெல்லிய நெருப்பில் 3, 4 மணித்தியாலம் அவிய, கொலாஜன் ஜெலட்டினாகிக் கரையும். ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் களியாக இறுகும். இறுகாவிட்டால் தண்ணி கூடிப்போச்சு, அல்லது போதிய நேரம் அவியவில்லை. மேலே வெள்ளையாகப் படியிற கொழுப்பை வழித்து எறியாமல் குடித்தால் மெலியப் போய்க் கொழுப்பையே குடிக்கிற கதைதான்.

ஆனால் கொழுப்புக் குறையிறதுக்கு மாவும் சூப்பும் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, அவித்த பயறு ஒரு கோப்பையில் 14 கிராம். ஒவ்வொரு வேளையும் இதில் ஒன்று இருக்கட்டும், சோறும் புட்டும் கால்வாசி குறையட்டும். கதிரையில் இருந்து எழும்பிற பயிற்சி 10 தரம், மூன்று சுற்று, கிழமையில் மூன்று நாள். குளிசை எடுக்கிறபடியால் சோற்றைக் குறைக்கும்போது சீனி இறங்குதா என்று அளந்து பாருங்கோ, இறங்கினால் டாக்டரிட்டச் சொல்லிக் குளிசையின் அளவை மாற்றவேணும்.

வவுனியா அக்கா:
அளக்கிறதெண்டால் தராசை மட்டும் நம்பாதேங்கோ, உப்புக் கூடினாலே தண்ணி ஏறி நிறை காட்டும். காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் நாடா பிடிச்சு, கிழமைக்கு ஒருக்கா எழுதி வையுங்கோ.