நிங்சியாவில் இருக்கும் அக்சாய் சின் மாதிரி: எதற்காகக் கட்டியிருப்பார்கள்?

மேப்_மேய்ச்சல்:
சீனாவின் நிங்சியா பகுதியில், யின்சுவான் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஹுவாங்யாங்டான் என்று ஒரு இடம். அங்கே ஒரு ராணுவ முகாமை ஒட்டி, வெட்டவெளியில் 900 மீட்டருக்கு 700 மீட்டர் அளவில் மலை, பள்ளத்தாக்கு, ஏரி என்று ஒரு நிலப்பரப்பையே செய்து வைத்திருக்கிறார்கள். 2006ல் ஜெர்மன்காரர் ஒருவர் கூகுள் எர்த்தில் கண்டுபிடித்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் அச்சு அசல் அக்சாய் சின், அதாவது 1962ல் நாமும் அவர்களும் சண்டை போட்ட அதே பகுதி, அதுவும் அசல் இடத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஹெலிகாப்டர் பயிற்சிக்கு என்கிறார்கள், டாங்கி ஓட்ட என்கிறார்கள், ஏவுகணைக்கு என்றுகூடப் படித்தேன். எது நம்பும்படி இருக்கிறது?

சங்கிலி_சர்வேயர்:
முதலில் அளவுகோலைப் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே அடிபட்டுப் போகும். இது 1:500. அதாவது 450க்கு 350 கிலோமீட்டர் நிலம் அந்த இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதன்மேல் 100 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டர் பறந்தால் அசலில் 50 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம், எந்த பைலட்டுக்கு அந்தக் காட்சி வேண்டும்? தவிர அக்சாய் சின்னில் அவனுக்குப் பெரிய தலைவலியே 5000 மீட்டர் உயரத்துக் காற்று, இறக்கை தூக்காது. யின்சுவான் பக்கம் 1100 மீட்டர்தான், அங்கே அதைப் பழக முடியாது. டாங்கி இன்னும் மோசம், மூன்று மீட்டர் அகல வண்டி ஒன்றரை கிலோமீட்டரை மறைத்துக்கொண்டு நிற்கும், ஏறினால் மலையே காலி.

ஆனால் ஒரு ஆள் நடந்து போனால்? கண் மட்டம் 1.6 மீட்டர் என்று வையுங்கள், 800 மீட்டர் மேலே மிதந்துகொண்டு பார்ப்பது போல. எந்தக் கணவாய் எங்கே திறக்கிறது, சாலை எந்த மேட்டுக்குப் பின்னால் மறைகிறது என்பதெல்லாம் அந்த உயரத்தில்தான் மனதில் பதியும். இது காலால் நடந்து பார்க்கச் செய்தது என்பது என் கட்சி.

பழைய_ஹவில்தார்:
சர்வேயர் தம்பி சொல்வது சரி. எங்கள் பக்கம் சாண்ட் மாடல் என்போம். எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் தரையில் மண்ணைக் குவித்து, சுண்ணாம்பு, கலர் பொடி, நூல் எல்லாம் போட்டு, சுற்றி உட்கார வைத்து கம்பெனி கமாண்டர் குச்சியால் காட்டுவார். மேப் படிக்கத் திணறுகிற ஜவானுக்கும் அதில் ஒரே பார்வையில் புரிந்துவிடும். இது அதே சங்கதிதான், கொஞ்சம் பணம் அதிகம். முதல் உலகப் போரிலும் இப்படித்தான், 1917 ஜூனில் பெல்ஜியத்தில் மெசீன் தாக்குதலுக்கு முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் பெரிய மாதிரி செய்து அதிகாரிகளைச் சுற்றிப் பார்க்க வைத்தார்கள்.

அணைக்கட்டு:
ராணுவம் கட்டினாலே போருக்கு என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1943ல் மிசிசிப்பி மாநிலத்தில், போர்க்கைதிகளை வைத்து, சுமார் 200 ஏக்கரில் மிசிசிப்பி ஆற்றுப் படுகை மாதிரி கட்ட ஆரம்பித்தது. வெள்ளத்தைக் கணிக்க. 1952 வெள்ளத்தின்போது உபயோகமும் ஆயிற்று. இதிலும் ஏரி, ஆறு எல்லாம் இருக்கிறதே?

சங்கிலி_சர்வேயர்:
நல்ல உதாரணம், ஆனால் அதுவே எதிர்ச்சாட்சியும்கூட. அந்த மாதிரியில் கிடையளவு 1:2000, உயர அளவு 1:100. தண்ணீர் ஒழுங்காக ஓட அப்படி உயரத்தை ஊதிப் பெருக்கித்தான் ஆக வேண்டும். தவிர ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட பீடபூமியில் யாரைக் காப்பாற்ற வெள்ளம் கணிப்பது? அங்கே அவர்களுக்கு முக்கியம் 1957ல் போட்டு முடித்த சின்ஜியாங்–திபெத் சாலை.

மேப்_மேய்ச்சல்:
ஒரே ஒரு உறுத்தல். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் உலகின் பெரும்பகுதியை உயரத்தோடு அளந்துவிட்டது. கணினியிலேயே மலையைச் சுழற்றிப் பார்க்கலாமே, இதை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

பழைய_ஹவில்தார்:
நூறு பேரை ஒரு ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள், பாதிப் பேர் தூங்குவார்கள். நடக்க வைத்தால் தூங்க முடியாது. அப்புறம், பெரிய அதிகாரி வரும்போது காட்டவும் ஒரு பொருள் வேண்டும், இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கல்வான் ஆறும் அக்சாய் சின்னில்தான் உற்பத்தியாகிறது. 2020 ஜூனில் அங்கே நடந்த மோதலில் நம் ஜவான்கள் 20 பேர் உயிரை விட்டார்கள், அதில் ராமநாதபுரம் பழனியும் ஒருவர். அதனால் பொழுதுபோக்குக்குச் செய்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

சங்கிலி_சர்வேயர்:
அந்த ஆற்று மாதிரி போல இதிலும் உயரத்தை இழுத்திருக்கிறார்களா என்று நாமே பார்க்கலாம். பீடபூமியிலிருந்து 1500 மீட்டர் எழும்பும் சிகரம் 1:500ல் மூன்று மீட்டர்தான் வர வேண்டும். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் நிழல் நீளமாக விழுந்திருக்கும் குளிர்காலப் படம் ஒன்றைத் தேடுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் நிழலையும் சேர்த்து அளந்து போடுங்கள், கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.