வயிற்றுச் சுவரில் வலை வைத்துத் தைத்தவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்:

கர்ப்பப்பையை அகற்றிய தழும்பின் வழியே என் அம்மாவுக்கு ஹேர்னியா, அதாவது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தால் உள்ளிருப்பது பிதுங்கும் வருத்தம், வந்தது. முதல் தடவை, அந்த ஓட்டையைப் பலப்படுத்த வைக்கும் பிளாஸ்டிக் வலை இல்லாமல் தைத்து மட்டும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் முடிவதற்குள் அதே இடம் மீண்டும் பிதுங்கியது. அடுத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் கீறி, மேற்கோடு தசை, கீழ்க்கோடு அதன் பின்னுறை, வலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று விளக்கினார். ரீவ், ஸ்டொப்பா என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் பெயரால் வழங்கும் முறை அது. வயிற்றின் அழுத்தமே வலையைத் தசையோடு அணைத்துப் பிடிக்குமாம். ஓட்டையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் சுமார் 5 சென்ரிமீற்றராவது அது பரவ வேண்டுமாம். பிறகு லாச்சியிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை நுளம்பு வலையைத் தடவுவதுபோல விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது அப்பவும் இருந்ததோ, டொக்டர்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகன்:

சகோதரி, வலை வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமந்த என் தகப்பனாருக்கு, கவட்டு ஹேர்னியாவுக்காக லிக்டென்ஸ்டைன் முறையில், அதாவது கவட்டை வெட்டித் திறந்து, வலை வைத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பேத்தியைத் தூக்கக் குனிந்தவர், பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். தொடையின் உட்பக்கம் நெருப்பால் கீறியதுபோல எரிகிறது என்றார். நரம்பு அகப்பட்டிருக்கலாம் என்று ஊசி போட்டார்கள், பாதிதான் குறைந்தது. கையெழுத்து வாங்கிய அன்று இந்த வலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்:

எனக்குத் தொப்புளுக்கு மேலே, தசையின் மேற்புறத்தில் வலை வைத்தார்கள். எட்டாம் நாள் தோலுக்கடியில் தண்ணீர்ப் பைபோலத் தளம்பியது. வலை கழன்றுவிட்டதென்று இரவு முழுக்க அழுதேன்; காலையில் சிரிஞ்சில் மஞ்சள் நீரை இழுத்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கவடும் நடுவயிறும் ஒன்றல்ல. கவட்டில் நரம்புகள் வலை வைக்கும் வழியிலேயே ஓடுகின்றன, வலை இல்லாமல் தைத்தவர்களுக்கும் அந்த எரிவு வருவதுண்டு. அப்பாவை வலிச் சிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். இனி இச்சிகிச்சைக்குப் போகிறவர்கள் வலை எந்தப் படையில் வைக்கப்படும் என்று கட்டாயம் கேளுங்கள். வயிற்றறைக்குள் வைப்பதானால், குடல் ஒட்டாதபடி ஒரு பக்கம் பூச்சிட்ட வலையா என்றும் கேளுங்கள், ஏனெனில் பூச்சில்லாத வெறும் பொலிப்புரொப்பிலீன் (வலை செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக்) குடலோடு ஒட்டிக்கொள்ளும். சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள், சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள், இருமலையும் மலச்சிக்கலையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும்போது வலையின் வகையும், அது வைக்கப்பட்ட இடமும் டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நாளை வேறொரு காரணத்துக்காக அதே வயிற்றைத் திறக்கப்போகும் வைத்தியர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.