காட்சிப் பண்பா, முன்குறியா?

> திரைப்புலத்தின் (திரையில் தகவல் காட்டும் அல்லது தட்டச்சும் இடத்தின்) நிறம், மினுக்கல் போன்ற தோற்றத்தைக் குறிக்கும் டிஸ்பிளே ஆட்ரிபியூட்டைக் 'காட்சிப் பண்பு' என்றும், நிரலில் அதைப் பெறுவதைக் 'காட்சிப் பண்பு மீட்பு' என்றும் வைக்கலாமா?

தம்பி, வணக்கம். பொதுப் பேச்சுக்குப் 'பண்பு' போதும். நாம் தொகுப்பது ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினிக்கான கலைச்சொற்கள் ஆயிற்றே. அங்கே இது புலத்தின் குணம் இல்லை, திரையில் இடம் பிடித்து உட்காரும் ஒரு பைட்டு. அந்தக் கணினியின் 5250 முனையத் திரையின் 24 வரி, 80 கட்டத்தில், புலத்துக்கு முந்தைய கட்டம் அதற்குத்தான். பார்த்தால் வெற்றிடம், உள்ளே ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 20 முதல் 3எஃப் வரை ஏதாவது ஒன்று இருக்கும். திரை அமைப்பை எழுதும் டிடிஎஸ்ஸில் இரண்டு புலங்களை இடைவெளியில்லாமல் ஒட்ட முடியாததும் இதனால்தான்.

'கெ'யில் கொம்பு முன்னால் நிற்பதைப் போல. கொம்பின் வேலை ஓர் எழுத்தோடு முடியும். இதன் ஆட்சி அடுத்த குறி வரும்வரை. எனவே என் ஓட்டு 'முன்குறி'க்கு.

இங்கே புதுச்சேரியில் எங்கள் பிள்ளைகள் 'நிறக்குறி' என்கிறார்கள். அது ஆகாது. ஹெக்ஸ் 28 வண்ணத்திரையில் சிவப்பு. பழைய பச்சைத்திரையில் அதே 28 எழுத்தை மினுக்கும். 27 போட்டால் எழுத்தே தெரியாது, கடவுச்சொல் புலத்துக்குப் போடுவோமே, அது. அதற்கு என்ன நிறம் சொல்வது?

'மீட்பு' என்றால் எனக்கு அடகுக்கடைதான் ஞாபகம் வருகிறது. தோற்றத்தை மாற்ற எந்த இண்டிகேட்டரைப் (ஆன்/ஆஃப் கொடியை) போட்டோம் என்பது நிரலுக்குத் தெரியும். திரையில் என்ன நிற்கிறது என்று புலத்தைக் கேட்க வழி இல்லை. திரையைக் கையாளும் டைனமிக் ஸ்கிரீன் மேனேஜர் ஏபிஐ மூலம் முழுத்திரையையும் வாங்கி, கணக்குப் போட்டுத் தேட வேண்டும். 5ஆம் வரி, 20ஆம் கட்டத்தில் தொடங்கும் புலம் என்றால் 340ஆம் பைட்டு. அதற்கு முந்தைய 339தான் நமக்கு வேண்டியது. 'முன்குறி வாசிப்பு' என்றே சொல்லிவிடலாம்.

---

அண்ணே, வாசிப்பு சரி. வெறும் 'முன்குறி' என்றால் முன்னொட்டு என்று நினைப்பார்கள். கடலூரில் இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். 'தோற்ற முன்குறி' என்று எழுதிக்கொள்கிறேன்.

இன்னொன்று. புலத்தின் தோற்றத்தைக் குறிக்கும் டிடிஎஸ் சொல்லான டிஎஸ்பிஏடிஆருக்கு நிரல் அனுப்பும் ஓரெழுத்துப் புலத்தில் ஹெக்ஸ் ஏ0 போட்டால் அந்தப் புலத்தில் தட்டச்சு செய்ய முடியாது. ஆனால் திரையை வாசித்தால் வெறும் 20தான் கிடைக்கும். பூட்டு, புல வடிவச் சொல்லில் (ஃபீல்டு ஃபார்மட் வேர்டு, புலத்தின் உள்ளீட்டு விதிகளைச் சொல்லும் பைட்டுகள்) இருக்கிறது, முன்குறியில் இல்லை. அதற்குப் 'புலக்காப்பு' என்று தனிப் பதிவு போடட்டுமா?