ஜாஸ் பேஸ்ல சீரிஸ் ஸ்விட்ச் போட்டேன், ப்ரிட்ஜ் பிக்கப் செத்துப்போச்சு

நாலுகம்பி:
வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது காப்பி ஜாஸ் பேஸ்தான் (நாலு கம்பி பேஸ் கிட்டார்). கம்பி அதிர்வை புடிக்கற காந்தக் காயில், அதான் பிக்கப், கழுத்துப் பக்கம் ஒண்ணு (நெக்), அடிப்பக்கம் ஒண்ணு (ப்ரிட்ஜ்), ரெண்டு வால்யூம் ஒரு டோன். நெக் வால்யூமை கழட்டிட்டு புஷ்-புல் பாட் (இழுத்தா ஸ்விட்ச் மாறற வால்யூம் குமிழ்) போட்டேன், இழுத்தா ரெண்டு பிக்கப்பும் சீரிஸ்ல (ஒண்ணு பின்னால ஒண்ணா) வந்து பி-பேஸ் (ப்ரிசிஷன் பேஸ் கிட்டார்) மாதிரி கும்முனு இடிக்கும்னு ஆசை. அமுக்கி வச்சா பேரலல் (பக்கத்து பக்கத்துல இணைப்பு), பழையபடி அருமையா இருக்கு. இழுத்தா சத்தம் ஏறவே இல்ல, நெக் மட்டும் கேக்குது, கூடவே உர்ர்ருனு ஹம் வேற. வயரிங் படத்தோட மூணு தடவ ஒப்பிட்டு பாத்துட்டேன், தப்பே இல்ல. பாட் டூப்ளிகேட்டா இருக்குமோ?

சால்டர்சாமி:
பாட்டை திட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடு தம்பி. ஜாக்ல கேபிள் சொருகி, அந்தப்பக்க பின்னோட நுனிக்கும் உடம்புக்கும் ஓம்ஸ் பாரு. வால்யூம் ரெண்டும் ஃபுல்லு.

நாலுகம்பி:
அமுக்குனா 3.6 கே, இழுத்தா 7.1 கே. பிக்கப் தனித்தனியா 7.5 இருந்துச்சுண்ணா.

சால்டர்சாமி:
மாட்டிக்கிச்சு. சீரிஸ்ல 7.5ம் 7.5ம் சேந்து 15, அதுக்கு குறுக்க ரெண்டு 250 கே பாட் நிக்கறதால 13.4 கிட்ட காட்டணும். 7.1னா நெக் ஒண்ணுதான் ஓடுது. நெக்கோட எர்த் முனை ஸ்விட்ச்ல பிரிஞ்சாலும் வேற எங்கயோ எர்த்துல ஒட்டிக்கிட்டிருக்கு, சீரிஸ்ல அந்த முனையிலதான் ப்ரிட்ஜோட ஹாட் (சிக்னல் முனை) வந்து சேரும், அதனால ப்ரிட்ஜ் அப்படியே ஷார்ட். ஹம்முக்கும் இதான் காரணம், ரெண்டு காயிலும் எதிரெதிரா இருக்கறதால சேந்து ஓடுனாதான் ஹம் அடிபடும். ஆமா, நெக் வயர் ஜடை பின்னுன ஷீல்டு வயரா? அப்படின்னா அந்த ஜடைதான் நெக்கோட எர்த் முனை. உள்ள காப்பர் ஃபாயில் ஒட்டி எர்த் பண்ணியிருக்கியா?

நாலுகம்பி:
ஐயோ போன மாசம்தான் ஒட்டுனேன்!! ஜடை வெறுமனே ஃபாயில் மேலதான் படுத்திருக்கு 🤦

பழையஆம்ப்:
ஜடை மேல இன்சுலேஷன் ஸ்லீவ் மாட்டுனா ஷார்ட் போயிடும், ஆனா சீரிஸ்ல அந்த ஜடையும் சிக்னல் கம்பி ஆயிடுது, அதனால லேசா இரைச்சல் வரும். ரெண்டு கோர் (உள்ள ரெண்டு கம்பி) ஷீல்டு வயர் மாத்தி ஷீல்டை தனியா எர்த் பண்றதுதான் என் கட்சி. ஆனா காயில் கம்பி தலைமுடி மாதிரி, கை பழகலன்னா அங்க ஈயம் வைக்காதே. அப்புறம் பி-பேஸ் சவுண்டு வரும்னு நம்பாதே. 1957ல வந்த பிளந்த பிக்கப்புல ரெண்டு பாதியும் சீரிஸ்தான், ஆனா ஒவ்வொரு கம்பியையும் ஒரே இடத்துலதான் கேக்கும். உன்னுது ரெண்டு இடத்துல கேக்குது. மிட் தடிக்கும், ட்ரெபிள் குறையும், அவ்ளோதான்.

நாலுகம்பி:
இப்போதைக்கு ஸ்லீவ்தான். 13.3 காட்டுது, ஜன்னல் அதிருது 😂 ஆனா இழுத்து வச்சிருக்கும்போது ப்ரிட்ஜ் வால்யூமை திருகுனா ஒண்ணுமே ஆகல, மறுபடி சொதப்பிட்டேனா?

சால்டர்சாமி:
இல்லப்பா, அது அப்படித்தான். இழுத்தா ப்ரிட்ஜ் பாட்டோட நடுக்கால் கழண்டுடும், நெக் வால்யூம்தான் மாஸ்டர்.