'லோகோமோட்டர் பிரிமிட்டிவ்': ஆதிநடையா, நடையசையா?

வணக்கம் ஐயா,

'லோகோமோட்டர் பிரிமிட்டிவ்' (locomotor primitive) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நீங்கள் தந்த 'ஆதிநடை' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதிமனிதன் நடந்த நடை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே பேச்சு, நடை எந்த அடிப்படைத் தசை இயக்கக் கோலங்களால் கட்டப்படுகிறது என்பது பற்றி.

2011இல் சயன்ஸ் இதழில் நாடியா டொமினிச்சி குழுவினர் எழுதியது நினைவிருக்கும். பிறந்து சில நாளே ஆன குழந்தையைத் தாங்கிப் பிடித்து, பாதம் தரையில் படும்படி வைத்தால் எட்டு வைக்கும். அப்போது கால் தசைகளின் மின்பதிவை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இரண்டே கோலங்கள். உடல் எடையைத் தாங்கும்போது ஒன்று, காலை முன்னே வீசும்போது இன்னொன்று. இரண்டும் மெல்ல ஏறி மெல்ல இறங்குகின்றன. தளர்நடைப் பருவத்தில் அவை போய்விடுவதில்லை. பாதம் தரையைத் தொடும்போது ஒன்று, எழும்போது ஒன்று என இன்னும் இரண்டு சேர்கின்றன. பெரியவர்களிடமும் இதே நான்குதான், ஆனால் ஒவ்வொன்றும் சுருங்கி, சட்டென்று வந்துபோகும் துடிப்பாகிவிடுகிறது. எலி, பூனை, மக்காக் குரங்கு, கினிக்கோழி ஆகியவற்றிலும் பெரிதும் இதேபோன்ற கோலங்கள்.

அதனால் 'நடைவித்து'ம் பொருந்தாது. முளைத்த பிறகு வித்து ஏது? 'நடைமூலம்' பொருளில் சரி, ஆனால் மருத்துவக் கட்டுரையில் மூலம் என்று எழுதினால் வாசகர் வேறு துறைக்குப் போய்விடுவார்!

என் பரிந்துரை: நடையசை. செய்யுளில் அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி; நடையும் அப்படித்தான் சிறு அலகுகளால் ஆகிறது. அசைதல் என்றால் இயங்குதலும்கூட. தொல்காப்பியம் நேர், நிரை என்ற இரண்டை இயலசை என்கிறது. அவற்றோடு உகரம் சேர்ந்து வரும் நேர்பு, நிரைபு இரண்டும் உரியசை. இரண்டோடு இரண்டு! தற்செயல்தான், ஆனாலும் விட மனமில்லை.

———

நண்பருக்கு,

நடையசை எனக்குச் சம்மதம். ஆனால் தவளையின் தண்டுவடத்தைத் தூண்டிப் பார்த்த நரம்பியல் ஆய்வாளர் எமிலியோ பிட்சி குழுவினரின் ஆய்வுகளில் வருவது 'மோட்டார் பிரிமிட்டிவ்' (motor primitive), அதாவது உடலியக்கத்தின் அடிப்படை அலகு. அது நடைக்கு மட்டும் உரியதல்ல. கை நீட்டுவதற்கும் அதே பெயர்தான். இந்தப் பொதுச்சொல்லுக்கு என்ன செய்வது? இயக்கம், அசை இரண்டையும் சேர்த்தால் 'இயக்கவசை' ஆகிறது, நடுவில் வசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'இயங்கசை' என்றால் புணர்ச்சியும் சரி, வசையும் இல்லை. பொதுவுக்கு இயங்கசை, அதன் ஒரு வகைக்கு நடையசை என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாமா? உடலியங்கியல் படித்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.