முகவாதம்: மாத்திரையை விட்டுவிட்டு அக்குபங்சருக்குப் போகலாமா?

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கு வயது 56. நேற்றுக் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியாக ஒழுகியது. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது, வலது கண்ணை மூட முடியவில்லை. நெற்றியையும் சுருக்க முடியாததைக் கண்ட மருத்துவர், இது பக்கவாதம் அல்ல, முக நரம்பின் பாதிப்பு என்று சொல்லி, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார். உறைபனியில் இலை பறிக்கப் போனதால் வந்த வாதம் இது என்றும், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், அக்குபங்சர் ஊசியே போதும் என்றும் உறவினர்கள் சொல்வதால், அம்மா மாத்திரையைத் தொட மறுக்கிறார். அக்குபங்சருக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்)
தம்பி, முதலில் மாத்திரையைக் கொடுங்கள். முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதை ஒட்டிய எலும்பிலுள்ள குறுகிய குழாய் வழியாக வருகிறது. உடலில் உறங்கிக்கிடந்த ஹெர்ப்பீஸ் வைரஸ் மறுபடியும் கிளர்ந்து, நரம்பு வீங்கி, அந்தக் குழாய்க்குள்ளேயே நெரிபடுவதுதான் பெரும்பாலும் காரணமாகக் கருதப்படுகிறது. அந்த வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாத முடிவில் ப்ரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 94 விழுக்காட்டினரும், எடுக்காதவர்களில் 82 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர். சர்க்கரை ஏறும் என்பது உண்மை. ஆனால் அதற்காக மாத்திரையைக் கைவிட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி சர்க்கரை மருந்தின் அளவை மாற்றிக்கொண்டு, நாள்தோறும் பரிசோதியுங்கள்.

கண்தான் எனக்குப் பெரிய கவலை. மூடாத கண்ணில் நம் மலைக்காற்று பட்டால் உலர்ந்து, கருவிழியில் புண் வரும். முகம் சரியானாலும் அந்தத் தழும்பு பார்வையைக் கெடுத்துவிடும். பகலில் சொட்டு மருந்து விடுங்கள்; இரவில் களிம்பிட்டு, இமையை மூடி டேப் ஒட்டுங்கள்.

பதில் 2 (உதகை)
எனக்கும் இது வந்தது. மாத்திரையை முடித்து, மூன்றாவது வாரத்தில் அக்குபங்சர் தொடங்கினேன். கன்னம், தாடை, புருவத்துக்கு மேல், கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே எனக் குத்துவார்கள். இரண்டு மாதத்தில் சரியானது. ஆயினும் ஊசியால்தான் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஏனெனில் எந்த மருத்துவமும் இல்லாமலேயே நூற்றில் எழுபது பேர் வரை முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். 537 பேர் பங்கேற்ற ஆறு ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, அவற்றின் தரம் முடிவு சொல்லப் போதாது என்றது. 2013-இல் 338 பேரைக் கொண்டு வெளியான சீன ஆய்வில், ஊசியைக் குத்தி அழுத்தமாகத் தூண்டப்பட்டவர்கள், வெறுமனே குத்தப்பட்டவர்களைவிட ஆறு மாதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் அதில் எல்லோருக்கும் ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டிருந்தது. ஊசியை நம்பும் உங்கள் உறவினர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள். பிறகு போவதானால், புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் எளிதில் ஆறாது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. சாப்பாட்டுக்குப் பின் அம்மா முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கோவைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டோம்.

பதில் 1
நல்லது, தம்பி. காதுக்குள் கொப்புளமோ கடும் வலியோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி மருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.