கோலாலம்பூருக்குப் புதுசா வந்தவங்களுக்கு: தினச் சாப்பாட்டுல கொழுப்பு குறைஞ்ச புரதத்தை எப்படிக் கூட்டறது?

கேள்வி:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காகக் கோலாலம்பூர் வந்திருக்கேன், தங்கியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ். ரூம்ல ஒரு அடுப்பு, குக்கர், சின்ன ஃபிரிட்ஜ் இருக்கு. காலையும் மத்தியானமும் கடை, ராத்திரி மட்டும் சமையல். புரதப் பொடி வேண்டாம். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஏறாம, சாதாரண சாப்பாட்டிலேயே புரதம் கூடணும். இங்கே எதை, எவ்வளவு, என்ன பேர் சொல்லி வாங்கணும்?

பதில் 1:
தம்பி, முதல்ல கணக்கைப் போட்டுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம் வரும். உடற்பயிற்சி செய்றவங்களுக்கு இன்னும் கூடுதலா வேணும். வேளைக்கு 20 கிராம்னு வெச்சுக்கிட்டா நினைவில் நிற்கும்.

நம்ம ஆளுங்க ஏமாறுற இடம் சாம்பார்தான். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். அதை நாலு பேருக்குச் சாம்பார் வெச்சா ஆளுக்கு ஐந்தரை கிராம்தான். கடைச் சாம்பார் அதைவிடத் தண்ணி. ஒரு தட்டுச் சோறு, 200 கிராம், தர்றது 5 கிராம். ஆக, வயிறு முட்டச் சாப்பிட்டும் 10, 11 கிராமில் நிற்கும். பருப்பைச் சாப்பிடாம இருக்கோம்னு இல்லை, பருப்பு பானைக்குள் போறது குறைவு. நாலு பேருக்கு 200 கிராம் பருப்பு போட்டு, குழம்பா இல்லாம கூட்டுப் பதத்துக்கு இறக்குங்க. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், சோற்றில் குறையும் லைசினைப் பருப்பு கொடுக்கும், பருப்பில் குறையும் மெத்தியோனினைச் சோறு கொடுக்கும். சோறு ஒரு கரண்டி, கூட்டு இரண்டு கரண்டின்னு தட்டில் மாத்திப் போடுங்க.

உங்க பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் தெருக் கடைகளில் துவரை, உளுந்து எல்லாம் நம்ம பேரிலேயே கிடைக்கும். சூப்பர்மார்க்கெட்டில் பொட்டலத்தின் மேல் வெறும் 'டால்'னு இருந்தா அது பட்டாணிப் பருப்பாகவும் இருக்கலாம். புரதம் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா குழைய நேரமாகும். ஒரு மணி நேரம் ஊறவெச்சுக் குக்கரில் போடுங்க. கொண்டைக்கடலைக்கு 'கச்சாங் கூடா', பச்சைப்பயறுக்கு 'கச்சாங் ஹீஜாவ்'.

கோழிக்கு வருவோம். 2023 நவம்பரில் கோழி விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க, அதனால கடைக்குக் கடை விலை மாறும். நாலு கடை பார்த்து வாங்குங்க. பாசாரில், அதாவது சந்தையில், 'டாடா, புவாங் குலிட்'னு சொன்னா நெஞ்சுக்கறியைத் தோல் உரிச்சுத் தருவாங்க. பச்சையா 100 கிராமில் 22, 23 கிராம் புரதம், கொழுப்பு ரொம்பக் குறைவு. இதைத் தொடைக்கறி மாதிரி நாற்பது நிமிஷம் குழம்பில் கொதிக்க விடுறதாலதான் 'சக்கையா இருக்கு'ன்னு வெறுத்துடறாங்க. நெஞ்சில் கொழுப்பும் இல்லை, வேக வேக இளகும் சவ்வும் குறைவு. கூடுதல் சூட்டில் நார் இறுகித் தண்ணியைப் பிழிஞ்சு வெளியே விட்டுடும். அதனால நாருக்குக் குறுக்கே விரல் தடிமனில் வெட்டி, கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், உப்பு, மஞ்சள் போட்டு அரை மணி நேரம் வைங்க. மசாலா முழுசா வதங்கி, குழம்பு கெட்டியான பிறகு கடைசியில் கறியைப் போட்டு, சிறு தீயில் எட்டு, பத்து நிமிஷம். பெரிய துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

தேங்காய்ப்பாலுக்குப் பதில் தயிர் ஊற்றுறவங்க, ஒரு கப் தயிருக்கு ஒரு ஸ்பூன் கடலைமாவு கலந்து நல்லா அடிச்சு, தீயைக் குறைச்சுட்டு ஊற்றுங்க. மாவில்லாமக் கொதியில் ஊற்றினா திரிஞ்சு பிரிஞ்சுடும்.

பதில் 2:
மேலே மீனைத் தொடலை, அதைச் சொல்றேன். இங்கே பெயர் தெரியாமத்தான் புதுசா வர்றவங்க வஞ்சிரத்திலேயே நிற்கிறாங்க. கெம்போங்னா நம்ம கானாங்கெளுத்தி, அயிலைன்னும் சொல்வோம். தெங்கிரி வஞ்சிரம், சியாகாப் கொடுவா, பாவால் வாவல், பாரி திருக்கை, தொங்கோல் சூரை. தினச் சமையலுக்குக் கெம்போங்தான் சரி. 150 கிராம் மீனில் தலை, முள், குடல் போக சுமார் 90 கிராம் சதை. அதில் 17 கிராம் புரதம். இரண்டு மீன் ஒரு வேளைக்குத் தாராளம்.

சௌ கிட் பாசாருக்குக் காலையிலேயே போங்க. செவுளைத் தூக்கிப் பாருங்க: இரத்தச் சிவப்பா, வழவழப்பு குறைவா இருக்கணும், பழுப்பேறி இருந்தா நகருங்க. கண் வெளியே துருத்தித் தெளிவா இருக்கணும். முதுகை விரலால் அழுத்தினா குழி உடனே நிமிரணும். 'சியாங்'னு சொன்னா குடல் எடுத்துச் சுத்தம் பண்ணித் தருவாங்க.

இதைக் கட்டாயம் கவனிங்க: கெம்போங்கும் தொங்கோலும் வெயிலில் சூடேறினா சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். ஒருமுறை உண்டாயிட்டா எவ்வளவு கொதிக்க வெச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வரும். மீனை ஐஸோட கட்டச் சொல்லி, நேரா ரூமுக்கு வந்து ஃபிரிட்ஜில் வைங்க. பையைத் தூக்கிக்கிட்டு வேற வேலையெல்லாம் முடிச்சுட்டு வராதீங்க.

புளிக்குழம்பு கொதிச்சு எண்ணெய் மேலே வந்த பிறகு மீனைப் போட்டு எட்டு நிமிஷம். கரண்டி விடாம சட்டியைப் பிடிச்சுச் சுழற்றுங்க, உடையாது.

நெத்திலிக் கருவாட்டுக்கு இங்கே ஈக்கான் பிலிஸ்னு பேர். 20 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் இருக்கும். ஆனா உப்பும் இருக்கும்: வெதுவெதுப்பான தண்ணியில் பத்து நிமிஷம் ஊறவெச்சு அலசிட்டு, அப்புறம் குழம்பில் உப்பைக் குறைச்சுப் போடுங்க.

பதில் 3:
சைவக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. தெம்பேயை விட்டுடாதீங்க. புளிக்கவெச்ச சோயாக் கட்டி, 100 கிராமில் 19 கிராம் புரதம். கொழுப்பு 11 கிராம் வரை இருக்கும், கோழி நெஞ்சு அளவுக்கு ஒல்லி இல்லை. அதனால பொரிக்காம செய்யணும். வாங்கும்போது வெள்ளைப் பூஞ்சை பருப்பைக் கெட்டியாப் பிணைச்சிருக்கணும். சாம்பல், கருப்புத் திட்டு இருந்தா பயப்பட வேண்டாம், அது பூஞ்சையின் வித்து. கொழகொழப்போ, மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தா எறிஞ்சிடுங்க. பொட்டலத்தில் ஊசித் துளை இருக்கும், பூஞ்சைக்குக் காற்று வேணும்னு. இந்த ஊர் வெக்கையில் வெளியே வெச்சா அது புளிச்சுக்கிட்டே போகும், வாங்கினதும் ஃபிரிட்ஜ்.

விரல்நுனி அளவுத் துண்டா வெட்டி பத்து நிமிஷம் ஆவியில் வேகவைங்க, கசப்பு போயிடும். பிறகு இரண்டு ஸ்பூன் எண்ணெயில் மிளகு, சீரகம், கறிவேப்பிலையோட புரட்டி எடுங்க. புளிக்குழம்பில் கத்தரிக்காய்க்குப் பதிலாவும் போடலாம், புளியை நல்லா இழுக்கும்.

தாவு, அதாவது சோயாப்பால் கட்டியில் (டோஃபு), 'தாவ் குவா'ங்கிற கெட்டி வகை வாங்குங்க. குழாய் உறையில் வரும் முட்டைத் தாவு பார்க்க வளமா இருக்கும், ஆனா தண்ணி அதிகம், புரதம் கெட்டி வகையில் பாதிதான். உறையில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம்னு போட்டிருப்பாங்க, படிச்சு வாங்குங்க. துணியில் சுற்றி மேலே கனமா ஏதாவது இருபது நிமிஷம் வைங்க. தண்ணி வடியாமக் கல்லில் போட்டா ஒட்டிப் பிய்யும்.

பச்சைப்பயறுத் தோசை இன்னும் சுலபம். 200 கிராம் பயறு, இரவு ஊறவெச்சு இஞ்சி, பச்சை மிளகாயோட அரைச்சா ஏழு தோசை, ஒண்ணுக்குச் சுமார் 7 கிராம். புளிக்கவைக்க வேண்டாம். உளுந்து மாவுக்கும் இங்கே ராத்திரி முழுக்க வெளியே தேவையில்லை. ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிடும், உடனே உள்ளே வெச்சிடுங்க.

கேள்வி:
நன்றி அக்கா. கடையில சாப்பிடறப்போ என்ன சொல்லணும்? தயிர்னு நெனச்சு 'டாடிஹ்' வாங்கினேன், ஒரே இனிப்பு.

பதில் 1:
டாடிஹ் இங்கே பால் புட்டிங் மாதிரி இனிப்பு, அதைத் தயிர்னு நினைச்சு வாங்காதீங்க. 'தைரு'ன்னு கேளுங்க, நம்ம தயிர் கிடைக்கும்.

பசியாற, அதாவது காலைச் சாப்பாட்டுக்கு, ரொட்டி சானாயை (நம்ம பரோட்டா மாதிரி) ஒண்ணோட நிறுத்திட்டு 'தெலூர் ரெபூஸ்' இரண்டு கேளுங்க, அவிச்ச முட்டை. சி தர முட்டை ஒண்ணு 55 முதல் 60 கிராம், புரதம் ஆறரை கிராம் கிட்ட. ஏ, பி, சின்னு சொல்றது எடையைத்தான், உள்ளே இருக்கும் சத்தை இல்லை. சி வாங்குறதில் நஷ்டம் கிடையாது. தே தாரிக்கை, அதாவது ஆத்தின டீயை, பால்னு கணக்கில் சேர்க்காதீங்க, பெரும்பாலும் இனிப்புக் கிரீமர். பால் இல்லாத டீக்கு 'தே ஓ' மட்டும் சொன்னாச் சர்க்கரை வரும். சர்க்கரையும் வேண்டாம்னா 'தே ஓ கோசோங்'னு சொல்லணும்.

மத்தியானம் 'நாசி செபாரோ, குவா அசிங்' சொல்லுங்க: சோறு வழக்கமா போடுறதில் பாதி, குழம்பு தனியா. நாசி கண்டார், அதாவது சோற்றோட கறி, குழம்பு வகைகள் தர்ற கடையில் எல்லாக் குழம்பையும் மேலே கொட்டினா எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சோறெல்லாம் ஊறிடும். கறியில் பொரிச்ச துண்டை விட்டுட்டுக் குழம்புத் துண்டைக் காட்டுங்க, தோலை ஒதுக்கிடுங்க. இங்கத்து சுகாதார அமைச்சு சொல்ற 'சுக்கு சுக்கு செபாரோ'வும் (கால், கால், பாதி) இதே போக்குதான்: தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி கறி அல்லது மீன் அல்லது பருப்பு, பாதி காயும் பழமும்.

சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலத் தொல்லையோ இருக்கிறவங்க மேலே சொன்ன அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் மாத்துங்க.

பதில் 2:
கொண்டைக்கடலையை ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ ஊறவெச்சு வேகவெச்சு, வடிச்சு, ஆறின பிறகு கப் கப்பா சின்னப் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைங்க. ஒரு கப்பில் 14 கிராம் புரதம் கிட்ட இருக்கும். தண்ணியோட உறையவெச்சாக் கட்டியாயிடும், பிரியாது. காலையில் ஒரு பையை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாத்தி வெச்சா, ராத்திரி தாளிச்சுச் சுண்டல்.